கடைசிப் பார்சல்

"சாமி, எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு," என்றாள் குமுதவல்லி.

மலையடிவாரத்து மடம். சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர்.

"உட்காருங்கம்மா."

"உட்கார்ந்தா போற களைப்பில்ல. கல்யாணமான நாள்லேருந்து பார்சல் கட்டுறேன். மாமனாருக்கு, அவருக்கு, பிள்ளைங்களுக்கு. பெரியவன் பெங்களூர் போயும் விடல, பஸ்ல ஏத்தி அனுப்பறேன். இனிமே முடியாது. இங்கேயே இருந்துடறேன்."

"பார்சல்னா என்னம்மா?"

"இது தெரியாதா? கட்டு. பொட்டலம்."

"நம்ம சொல்லா?"

"இங்கிலீஷ். அவங்களுக்கு பிரெஞ்சுலேருந்து வந்தது. அதுக்கும் முன்னால லத்தீன். கான்வென்ட்ல சிஸ்டர் ஒருத்தங்க பிரம்பை வச்சுக்கிட்டு சொல்லிக் கொடுத்தாங்க. ஆதியில சின்னப் பங்குன்னுதான் அர்த்தம். நிலத்துல ஒரு துண்டையும் அப்படித்தான் சொல்வாங்க. கட்டுங்கறதெல்லாம் பிற்பாடு வந்தது."

"பங்கு எப்படிக் கட்டாச்சு?"

"அவங்கவங்க பங்கைக் கட்டித்தானே கொண்டுபோகணும்?" என்றாள் எரிச்சலோடு.

சாமி தலையாட்டினார்.

மழை பிடித்தது. மண்டபம் ஒழுகியது. அன்னதானம் சாப்பிட வந்தவர்கள் உட்கார இடமில்லை.

"பார்சலாக் கொடுத்துடலாம். கட்டுங்கம்மா."

"இங்கேயுமா?"

சாமி கீரைக்குத் திரும்பிவிட்டார்.

கட்டினாள். வாழையிலையை அனலில் வாட்டி, புளிசாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு, மேலே பேப்பர், நூலை இரண்டு சுற்று சுற்றி வெடுக்கென்று ஒரு அறுப்பு. கை தானாக ஓடியது. கடைசியில் ஒரு லாரி கிளீனர் பையன், "டிரைவருக்கும் ஒண்ணு," என்றான். குண்டானைச் சுரண்டி அதையும் கட்டிக் கொடுத்தாள்.

"எல்லார் பங்கும் போச்சா?" என்றார் சாமி.

"போச்சு. இது உங்களுக்குன்னு முதல்லயே எடுத்து வச்சது."

"உங்களுக்கு?"

"எனக்குப் பசியில்ல."

சாமி பார்சலைப் பிரித்தார். சாப்பிட்டார்.

குமுதவல்லி பார்த்துக்கொண்டே நின்றாள். பாதி வைப்பார் என்று நினைத்தாள். கால் பங்காவது. ஒரு கிழங்காவது.

அவர் இலையை வழித்து நக்கினார்.

"ஒரு வாய் வேணுமான்னு கேட்கக் கூடாதா?" வெடித்தாள்.

"பசியில்லன்னீங்களே."

"சொன்னா நம்பிடறதா?"

"வீட்டுல யாரும்மா நம்புறாங்க?"

குமுதவல்லி மீதி நூலைச் சுருட்டினாள்.

"எல்லாரும்," என்றாள்.

மழை விட்டிருந்தது. சாமி இலையை மடித்து எறிந்துவிட்டு வந்தார்.

"என்னம்மா, இருக்கீங்களா, போறீங்களா?"

"அதை அப்புறம் சொல்றேன். உலை வைங்க சாமி. எனக்குப் பசிக்குது."

சாமி அரிசி களையப் போனார்.

குமுதவல்லி உட்கார்ந்தாள்.