மை தொடாத பூ

முன்னொரு காலத்தில், கோபம் வந்தவர்கள் பூச் சூடிக்கொண்டு சண்டைக்குப் போன காலத்தில், மணியாற்றின் தென்கரையில் ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் ராஜா பெயர் அடலேறு. நல்ல மனிதர்தான், ஆனால் மூக்கு நுனியில் கோபம். மோரில் உப்புக் குறைந்தால்கூட முரசு கொட்டச் சொல்வார்.

அந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம். போர் என்று முடிவானால் கோட்டை வாசலில் பூ கட்டுவார்கள். வெட்சி கட்டினால் எதிரியின் மாடுகளைக் கவர்ந்துவரப் போகிறோம் என்று அர்த்தம். நொச்சி கட்டினால் கோட்டையைச் சாத்திக்கொண்டு காக்கப் போகிறோம் என்று அர்த்தம். தும்பை கட்டினால் ஒளிவுமறைவு இல்லை, இரண்டு பக்கமும் நேருக்கு நேர் நின்று மோதப் போகிறோம் என்று அர்த்தம். பூ வாடுவதற்குள் சண்டையைத் தொடங்கிவிட வேண்டும். வாடிவிட்டால் போர் இல்லை, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

தும்பை எவ்வளவு நேரம் தாங்கும்? காலையில் பறித்தால் மத்தியானம் தலை தொங்கிவிடும். அதற்குள் படையைத் திரட்டி, அத்தனை பேருக்கும் சோறு போட்டு, ஆற்றையும் கடக்க முடியுமா? அப்படி எத்தனையோ போர்கள் அந்த ஊரில் காலையில் பூத்து மத்தியானம் வாடிப்போயின. முன்னோர்கள் யோசித்துத்தான் அப்படி வைத்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

வடகரை ராஜாவுக்குத்தான் அடலேறு தன் தங்கையைக் கொடுத்திருந்தார். அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவோம்? அடலேறு சீர்வரிசைத் தட்டுகளோடும் மேளதாளத்தோடும் ஆடி அசைந்து கிளம்பினார். போய்ச் சேர நேரமாகிவிட்டது. நல்ல நேரம் தவறுகிறதே என்று பயந்து, யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமன் மடியில் பிள்ளையை வைத்து ஒரு காதைக் குத்திவிட்டார்கள். மறு காதுக்கு ஆசாரி ஊசியை எடுக்கும்போது ராஜா உள்ளே நுழைந்தார். பார்த்தார். தட்டுகளைத் தூக்கச் சொன்னார். வந்த வழியே திரும்பிவிட்டார்.

“போர்” என்றார் கோட்டைக்கு வந்ததும்.

தும்பை கட்டினார்கள். மத்தியானம் வாடியது. மறுநாளும் கட்டினார்கள், வாடியது. அதற்கு மறுநாளும் கட்டினார்கள், அதுவும் வாடியது. மூன்று தரமும் படைவீரர்கள் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வாடாத தும்பையைக் கொண்டு வருபவன் கேட்டதைக் கொடுப்பேன் என்று ராஜா தண்டோரா போட்டுவிட்டார்.

வந்தான் ஒருவன். மசிவாணன் என்று பெயர். மந்திரவாதி. கையில் ஒரு கொட்டாங்கச்சி, அதில் மை. அது விளக்குக் கரியைக் குழைத்த மை அல்ல. போரில் விழுந்தவர்களின் நிழலைச் சுருட்டிப் பிழிந்து எடுத்த மை.

பறித்த பூ வாடும், வரைந்த பூ வாடாது, நான் வரைந்து தருகிறேன் என்றான் மசிவாணன். என்னென்ன வண்ணம் வேண்டும் என்று ராஜா கேட்டார். வண்ணங்கள் வெயிலில் வெளுத்துப்போகும், கறுப்பு ஒன்று போதும் என்றான். வெள்ளைப் பூவைக் கறுப்பில் வரைவதாவது என்று சபையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கூலியாக, இந்தப் போரில் விழுகிறவர்களின் நிழலைக் கேட்டான். நிழலால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று ராஜாவும் சம்மதித்துவிட்டார். போர் முடிந்த பிறகு படம் யாருக்குச் சொந்தம் என்று மந்திரி கேட்டார்.

“என் மை தொட்டது எனக்கு, தொடாதது உடையவருக்கு” என்றான் மசிவாணன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மந்திரவாதிகளுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரு பேச்சை ஒரே மாதிரி மூன்று தரம் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும். அவர்களே நினைத்தாலும் நிறுத்த முடியாது. ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். அதனால் மசிவாணன் சொன்னதைத் திருப்பிச் சொல்வதே இல்லை. காது மந்தமானவர்கள் பக்கத்தில் வந்தால் எழுந்து போய்விடுவான்.

படம் வரைய நாட்டிலேயே வெள்ளையான துணி வேண்டும் என்றான். சேவகர்கள் வீடு வீடாகத் தேடிக் காத்தாயி வீட்டுக்கு வந்தார்கள். காத்தாயி தறி நெய்கிறவள். அண்ணன் வேம்பனும் அவளும்தான் வீட்டில். வடகரைப் பரிசல்காரன் சடையனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தத்துக்கு ஒரு வேட்டி நெய்து வைத்திருந்தாள். தும்பைப் பூவாக வெளுத்து மடித்து வைத்திருந்த அந்த வேட்டியைத்தான் சேவகர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். காத்தாயி தடுத்துப் பார்த்தாள், கேட்பார் இல்லை.

மசிவாணன் வேட்டியை விரித்தான். தூரிகையை மையில் தோய்த்தான். தண்டை வரைந்தான், இலையை வரைந்தான், பூவுக்குச் சுற்றிலும் இருளை அப்பினான். பூ இருக்க வேண்டிய இடத்தில் கையே வைக்கவில்லை. நடுவில் துணி துணியாகவே நின்றது. தள்ளி நின்று பார்த்தால் கொத்துக் கொத்தாகத் தும்பை. சபையில் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

படம் கோட்டை வாசலில் ஏறியது, மந்திரமும் ஏறியது. அந்தப் பூவைப் பார்த்தவர் தலையிலெல்லாம் ஒரு தும்பை முளைத்தது. பிய்த்தால் வரவில்லை. முளைத்தவர்களுக்குச் சண்டையைத் தவிர வேறு நினைப்பில்லை. அக்கரையிலிருந்து பார்த்தவர்களுக்கும் அதே கதிதான்.

வேம்பன் தலையில் பூவோடு வந்து வேலைத் தீட்ட உட்கார்ந்தான். “அண்ணே, எதிரே சடையன் வந்து நின்றால் என்ன செய்வாய்?” என்று காத்தாயி கேட்டாள். குத்துவேன் என்றான், சோறு போடு என்கிற குரலில். சடையன் என்ன சொல்வான் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. அக்கரையில் அவன் தலையிலும் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அண்ணன் ஜெயித்தால் கல்யாணம் இல்லை, சடையன் ஜெயித்தால் அண்ணன் இல்லை.

அவளுக்கு மட்டும் ஏன் பூ முளைக்கவில்லை? எல்லோரும் படத்தில் பூவைப் பார்த்தார்கள். அவள் தன் வேட்டியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். சபையில் மசிவாணன் சொன்ன பேச்சு அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது, அது அவளுக்கு ஞாபகம் வந்தது. பிறகு வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதற்குள் இரண்டு படையும் கோட்டைக்கு முன்னால் ஆற்று மணலில் வந்து நின்றுவிட்டன. படத்துக்குக் கீழே மசிவாணன் காலிக் கொட்டாங்கச்சிகளை வரிசையாக அடுக்கிக் காத்திருந்தான். காத்தாயி நேரே அவனிடம் போய், “ஐயா, என் வேட்டியைக் கொடுங்கள்” என்றாள்.

படத்தைக் கழற்ற முடியாது என்றான். கழற்ற வேண்டாம், என் பங்கை மட்டும் வெட்டிக்கொள்கிறேன் என்று ஒரு இலையைத் தொட்டுக் காட்டி, “இது என்னுடையதா?” என்று கேட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் கொஞ்சம் அசந்துவிட்டான். “என் மை தொட்டது எனக்கு, தொடாதது உடையவருக்கு. இலை என்னுடையது, குட்டி. போ” என்றான்.

இரண்டு தரம் ஆகிவிட்டது.

“அப்படியானால் இது என்னுடையது” என்று காத்தாயி பூவைத் தொட்டாள். “இதில் உங்கள் மை இல்லை. நான் நெய்து வெளுத்த துணிதான் இருக்கிறது. வெட்டிக்கொள்கிறேன்.”

இன்னொரு தரம் சொல்லிவிடுவோமோ என்று மசிவாணன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஆனால் யானை மேலிருந்த ராஜா கேட்டுக்கொண்டிருந்தார். தும்பை வேண்டும் என்று கேட்டவர் அவர், நாட்டு மக்களின் நிழலைக் கொடுக்க ஒப்புக்கொண்டவரும் அவர். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலையும் தண்டும்தான் நீ வரைந்தாயா, பூவை வரையவே இல்லையா என்று கேட்டார். மசிவாணன் கொட்டாங்கச்சிகளை நேராக்கி வைக்க ஆரம்பித்தான். ராஜாவின் மூக்கு நுனி சிவந்தது.

“பூவே போடாமல் பூவுக்குக் கூலி கேட்டாயா? நீ ஓவியனா, ஊரை ஏமாற்றுகிறவனா?”

எந்த ஓவியன் இதைப் பொறுப்பான்? இரண்டு நாட்டுப் படைகளும் பார்த்துக்கொண்டு நிற்க, மசிவாணனுக்கு மானம் போயிற்று. ரோஷத்தில் எழுந்து நின்று, “நான் யாரையும் ஏமாற்றவில்லை. சபையிலேயே சொன்னேனே. என் மை தொட்டது எனக்கு, தொடாதது உடையவருக்கு” என்று கத்தினான்.

கத்திய பிறகுதான் கையால் வாயைப் பொத்தினான்.

மை கிளம்பிவிட்டது. தண்டு கழன்றது, இலை கழன்றது, சுற்றியிருந்த இருள் கழன்றது. எல்லாம் வழிந்து இறங்கி, சொந்தக்காரன் யாரென்று பார்த்து, அவன் கால் வழியாக ஏறித் தலை வரைக்கும் மூடிக்கொண்டது. மசிவாணன் ஆளில்லாத ஒரு நிழலாகி மணலில் விழுந்தான். உச்சி வெயில் ஏற ஏற அந்த நிழல் சுருங்கியது. மத்தியானம் தும்பை வாடுகிற நேரத்துக்கு அதுவும் இல்லை.

வாசலில் ஒரு வெள்ளை வேட்டி தொங்கியது, அவ்வளவுதான். சுற்றிலும் கறுப்பு இருந்தவரைக்கும்தானே அது பூ?

“பூ எங்கே?” என்றார் ராஜா.

“வாடிவிட்டது, மகாராஜா” என்றான் வாசல் காவலன். அவன் தலையிலிருந்த தும்பையும் அப்போதுதான் உதிர்ந்தது. வேம்பன் தலையிலிருந்து உதிர்ந்தது. எதிரே வேலை ஓங்கி நின்ற சடையன் தலையிலிருந்தும் உதிர்ந்தது. கையில் எதற்கு இது என்பது போல இரண்டு பேரும் வேலைக் கீழே வைத்தார்கள். காத்தாயி மணலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அதுவரைக்கும் அவள் அழவில்லை.

பூ வாடினால் போர் இல்லை, அது வழக்கம். ராஜா யானையை விட்டு இறங்கினார். எதிர்ப்படையின் முன்னால் நின்ற தங்கை புருஷனைப் பார்க்காமல், மணலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“மாப்பிள்ளை, அந்த இன்னொரு காது குத்தியாச்சா?”

“உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறோம், மச்சான்.”

ஒற்றைக் காதில் கடுக்கனோடு திரிந்த அந்தப் பிள்ளையை மறுநாள் மடியில் வைத்துக்கொண்டு அடலேறு உட்கார்ந்தார். பிள்ளை போட்ட சத்தத்தில் மாமனுக்கும் கண் கலங்கிவிட்டது. காத்தாயிக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். என் வேட்டி போதும், இனிமேல் வாசலில் பறித்த பூவையே கட்டுங்கள் என்றாள். சரி என்றார். அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் சடையன் மணவறையில் உட்கார்ந்தான். கூட்டமே அதில் பூ இருந்த இடத்தைத் தேடியது, ஒருவருக்கும் அகப்படவில்லை.

அவர்கள் நன்றாக இருந்தார்கள், கேட்ட நீங்களும் நன்றாக இருங்கள். ராஜாவின் கோபம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது எங்கே போகும்? கல்யாணப் பந்தியிலேயே, தன் இலையில் நொறுங்கிய அப்பளத்தைப் போட்டுவிட்டார்கள் என்று எழுந்து, கோட்டை வாசலில் தும்பையைக் கட்டச் சொன்னார். உடனே பறித்துவந்து கட்டினார்கள். பாயசம் பரிமாறுவதற்குள் அது வாடிவிட்டது.