விதிப்படி ஓடிய புயல் வண்டி

ஆனைமடுக் காட்டு ரயில்வேக்கு ஒரு நரி மேலாளராக இருந்தது. அதற்கு ரயில் ஓட்டத் தெரியாது. ஆனால் பழி தன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ள நன்றாகத் தெரியும். தண்டவாளத்தில் ஒரு நண்டு நசுங்கினால் போதும், மறுநாளே புது விதி ஒன்று போட்டுவிடும். "விதியை மீறியது ஓட்டுநர்தான்!" என்று தப்பித்துக்கொள்ளும்.

அத்தனை விதிகளையும் பார்த்தால் வண்டி நகராது என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும். அதனால் பாதியைக் கண்டுகொள்ளாமல் ஓட்டிவந்தன. நரியும் தெரியாததுபோல் இருந்துகொண்டது.

இப்படியிருக்கையில் காட்டுக்குப் புயல் வண்டி என்ற புது ரயில் வந்தது. அப்படியொரு வேகம்! முதல் ஓட்டத்தில் சிங்க ராஜாவே ஏறி, காட்டின் மறுகோடியில் நடக்கும் மகள் கல்யாணத்துக்குப் போவதாக ஏற்பாடு.

"முகூர்த்தம் தவறினால் உன் வேலை போச்சு!" என்றது சிங்கம். அன்றிலிருந்து நரி தூக்கத்திலும் முகூர்த்த நேரத்தையே முணுமுணுத்தது.

இந்த நேரம் பார்த்து ஓட்டுநர் கரடி கருப்பாயி வந்து நின்றது.

"ஐயா, சோதனை ஓட்டத்துலயே கண்ணு எரியுது. புயல் வண்டிக்கு ரெண்டு ஓட்டுநர் வேணும். போய்ச் சேர்ந்ததும் படுத்து எழுந்திரிக்க ஒரு அறை வேணும்!"

"உட்கார்ந்துக்கிட்டே செய்யிற வேலைக்குத் தூக்கம் வேறயா?"

"தரலைன்னா வேலைநிறுத்தம்தான்!"

நரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வேலைநிறுத்தமா? வீட்டுக்கு அனுப்பிடுவேன்! இனிமே எல்லாரும் விதிப்படி வேலை செய்யணும்!"

"எல்லா விதியுமா, ஐயா?"

"எல்லா விதியும்தான்!"

கருப்பாயி பணிவாகத் தலையாட்டிவிட்டுப் போனது. ஒரே அதட்டலில் போராட்டத்தை அடக்கிவிட்டோம் என்று நரி மீசையை முறுக்கிக்கொண்டது. பாவம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அதற்குத் தெரியவில்லை.

கல்யாண நாள் வந்தது. சிங்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தது. கார்டாக இருந்த கொக்கு பச்சைக் கொடியைக் காட்டவே இல்லை.

"என்ன தாமதம்?" என்று நரி குதித்தது.

"பயணிகள் தலையை வெளியே நீட்டினா வண்டியை எடுக்கக்கூடாது. உங்க விதி, ஐயா," என்றது கொக்கு. "ராஜாவோட பிடரி வெளியே இருக்கு. நீங்களே சொல்லிடுங்க!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சொன்னது. சிங்கம் உறுமிக்கொண்டே பிடரியை உள்ளே இழுத்தது.

நரியும் ஏறிக்கொள்ள, வண்டி கிளம்பியது. முதல் புற்று வந்ததும் நின்றது. புற்றைக் கண்டால் இறங்கி, "யாராவது குறுக்கே வர்றீங்களா?" என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை நகரக்கூடாது. அதுவும் நரி போட்ட விதிதான். கருப்பாயி கேட்டது. கரையான்கள் உள்ளே கூட்டம் போட்டு, சாவகாசமாக விவாதித்து, "இன்றைக்கு இல்லை" என்று சொல்லியனுப்பின.

அடுத்தது பாலம். கட்டை கட்டையாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கருப்பாயி தட்டியது, காதை வைத்துக் கேட்டது, சந்தேகம் வந்து மறுபடியும் தட்டியது. பின்னால் வந்த நத்தை ஒன்று, "கொஞ்சம் வழி விடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் புயல் வண்டியைத் தாண்டிப் போனது!

தூரத்தில் கல்யாண மேளம் கேட்டது. நரி வண்டியிலிருந்து குதித்தது. ஓடிப்போய்க் கருப்பாயியின் காதைக் கடித்தது.

"தாயே! விதியாவது ஒண்ணாவது, வண்டியை விரட்டு!"

"சத்தமாச் சொல்லுங்க, ஐயா. விதியை மீறச் சொன்னது நீங்க, ஏதாவது ஆனா பழியும் உங்களோடதுன்னு ராஜா காதுல விழட்டும்!"

நரி ராஜா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. "இன்னொரு ஓட்டுநர் தர்றேன்... அறையும் தர்றேன்... பழி மட்டும் வேண்டாம்!" என்று கெஞ்சியது.

சிங்கம் ஜன்னல் வழியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"வண்டியை எடு, கருப்பாயி! இன்னிக்குப் பழி என்னோடது," என்றது. பிறகு நரியின் பக்கம் திரும்பியது. "நாளையிலேர்ந்து உன்னோடது. இந்த வண்டிக்கு எது நடந்தாலும் உன்னைத்தான் கேட்பேன்!"

புயல் வண்டி பறந்தது. தாலி கட்டும் நேரத்துக்குச் சிங்கம் பந்தலில் இருந்தது.

விருந்து முடிந்து கருப்பாயி ஒரு மரத்தடியில் படுத்தது. மறுநாள் திரும்பவும் அதுதான் வண்டி ஓட்ட வேண்டும். நரி எங்கிருந்தோ மெத்தென்ற வைக்கோலை வாரிக்கொண்டு வந்து விரித்தது. வாலால் விசிறியது. மேளம் வாசித்த தவளைகளிடம் பாய்ந்து சென்று, "யோவ், நிறுத்துங்கய்யா! அம்மா தூங்குறாங்க!" என்று கத்தியது.

பழி தன் தலையில் விழும் என்றால்தான் அதிகாரிக்கு உழைப்பவரின் களைப்பு கண்ணில் படும்.