விழுந்த உண்ணியும் செத்த உண்ணியும்

முள்காட்டில் செவந்தி என்றொரு புள்ளிமான் இருந்தது. அதன் குட்டியின் உடம்பெல்லாம் உண்ணி! ரத்தத்தை உறிஞ்சியே குட்டியை எழுந்து நிற்க முடியாதபடி செய்துவிட்டன. செவந்திக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

அப்போது வந்தது சவடாலன் குரங்கு. மாட்டுப்பட்டியில் யாரோ விட்டுப்போன உண்ணி மருந்து டப்பா அதன் கையில்! அதில் ஒரு சொட்டைப் பெரிய பள்ளத்து நீரில் கலந்து, அங்கிருந்த விலங்குகள் எல்லார் மேலும் தெளித்தது.

“பாருங்க, பாருங்க! பொலபொலன்னு உதிருது!”

குட்டியிடமிருந்தும் சில உண்ணிகள் விழுந்தன. செவந்தி துள்ளிக் குதித்தது. ஊசி என்ற முள்ளெலி மட்டும் மூக்கைச் சுளித்தது.

“சவடாலண்ணே, உண்ணி விழுந்துச்சா, செத்துச்சா?”

“விழுந்தா செத்த மாதிரிதான்! உனக்கென்ன வந்துச்சு?”

ஊசி வாதாடவில்லை. டப்பாவிலிருந்து கொஞ்சம் மருந்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டது. குட்டியின் மேலிருந்த கொழுத்த உண்ணிகளைப் பிடுங்கி நத்தை ஓடுகளில் போட்டது. ஒரு ஓட்டுக்குப் பச்சைத் தண்ணீர். இன்னொன்றுக்குக் குரங்கின் கலவை. மற்றவற்றுக்கு அதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியான கலவை. நனைத்து, இலையால் மூடிக் காத்திருந்தது.

“பச்சைத் தண்ணியில என்னடி ஆராய்ச்சி!” என்று குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது.

“மருந்தே இல்லாட்டி உண்ணி என்ன பண்ணும்னு தெரியணும்ல, அண்ணே?”

நாட்கள் நகர்ந்தன. செவந்தி பொறுமையிழந்தது.

“என் புள்ள உயிருக்குப் போராடுது! நீ ஓட்டைக் காவல் காக்குறியா? கெட்டியாக் கலந்து ஊத்தித் தொலையேன்!”

“அளவு மிஞ்சினா உண்ணியோட புள்ளையும் போயிடும்க்கா. கொஞ்சம் பொறு.”

ஒருநாள் ஊசி எல்லாரையும் அழைத்து இலைகளை நீக்கியது. பச்சைத் தண்ணீர் ஓட்டில் குவியலாய் முட்டை. குரங்கின் ஓட்டிலும் அதே குவியல்!

“வயிறு நெறஞ்ச உண்ணி தானாவே விழும், அண்ணே. மண்ணுல முட்டை போடத்தான் விழுது!”

சவடாலன் மெல்லப் பின்வாங்கியது. அடுத்த ஓட்டில் உண்ணிகள் செத்துக் கிடந்தன. ஒரு முட்டை இல்லை. அந்த அளவே போதும் என்றது ஊசி. அப்போதும் அவசரப்படாமல், அந்தக் கலவையை முதலில் தன் மெல்லிய வயிற்றில் தடவிக்கொண்டது. புண்ணாகிறதா என்று பார்க்கத்தான்! மறுநாள் வரை புண்ணாகவில்லை.

உள்ளங்கையளவு உடம்புக்குள் இத்தனை பெரிய மனசா! செவந்திக்குக் கண் கலங்கியது.

“திட்டிட்டேன்டி, ஊசி.”

“அம்மான்னா திட்டத்தான் செய்வாங்க. குட்டியைப் பிடி, அக்கா!”

குட்டிக்கு மருந்து தடவினார்கள். உண்ணிகள் செத்து உதிர்ந்தன. சில நாளில் குட்டி தள்ளாடி எழுந்து, தாயின் மடியை முட்டிப் பால் குடித்தது.

கண்ணுக்குத் தெரிந்ததை உடனே நம்பிக் கூத்தாடாமல், கேள்வி கேட்டுப் பொறுமையாகச் சோதித்துப் பார்ப்பவரே உயிரைக் காப்பார்.