ஒரு கேஸ், ஒரே அர்த்தம்

மணற்குடி சமஸ்தானத்தைத் தேசப்படத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. கையகலச் சீமை. அதற்கும் ஒரு ராஜா, ஒரு திவான், தலைக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரை. துரை பேசுவதை ராஜாவுக்கும் ராஜா பேசுவதைத் துரைக்கும் எடுத்துச் சொல்ல ஒரு துபாஷி. அவர்தான் அம்பலவாணர். இரண்டு பாஷையும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ரணதீர மகாராஜாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் ‘கேஸ்’ என்ற வார்த்தை மட்டும் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி பதிந்திருந்தது. காரணம், அவருடைய சித்தப்பா. "கத்தியைப் பிடிக்கத் தெரியாத இவனா ராஜா? சிம்மாசனத்துக்கு வாரிசு நான்" என்று லண்டன் வரைக்கும் வழக்குப் போட்டிருந்தார் மனிதர். கேஸ் என்று யார் தும்மினாலும் மகாராஜாவுக்கு வேர்க்கும்.

இப்படி இருக்கையில் துரை வீட்டில் ஒரு விருந்து. வெள்ளைக்கார டாக்டர், "ஆஸ்பத்திரியில் ஒரு கஷ்டமான கேஸ்" என்றார். மகாராஜா மீசையை நீவிக்கொண்டு இங்கிலீஷிலேயே கேட்டார்: "தீர்ப்பு யார் பக்கம்?"

துரைசானிகள் விசிறியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள்.

மறுநாள் சபையில் மகாராஜா கொதித்தார். "ஓய் அம்பலவாணரே! கேஸ் என்றால் வழக்கு என்று நீர்தானே சொன்னீர்?"

"கோர்ட்டில் வழக்குதான், மகாராஜா. ஆஸ்பத்திரியில் நோயாளி. கிடங்கில் பெட்டி. இலக்கணத்தில் வேற்றுமை. பேச்சோடு பேச்சாக வந்தால், ‘அப்படியானால்’ என்று..."

"பார்த்தீர்களா!" என்று எழுந்தார் திவான் கோதண்டராயர். துபாஷி வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கித் தர ரொம்ப நாளாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தவர். "ஒரு வார்த்தைக்கு இத்தனை அர்த்தம் உண்டா? வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறார். சட்டம் போடுங்கள், மகாராஜா. கேஸ் என்றால் வழக்கு. மீறினால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி, எல்லைக்கு அப்பால் விட்டுவிடலாம்."

"ஆகட்டும்!" என்றார் மகாராஜா.

அம்பலவாணர் மனசுக்குள் கணக்குப் போட்டார். கட்டிய வீடு, பெண்டாட்டி, கறக்கிற மாடு எல்லாம் இந்த எல்லைக்கு உள்ளேதான் இருந்தன. சரியாகச் சொன்னால் கழுதை. தப்பாகச் சொன்னால்? அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. தப்பாகச் சொல்வதுதானே இப்போது சட்டம்! பணிவாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மத்தியானம் துரை வந்தார். திவானும் மொச்சைக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு வந்து, ராஜாவின் பக்கத்தில் நெளிந்துகொண்டு உட்கார்ந்தார். நேற்றைய சிரிப்புக்குச் சமாதானமாகத் துரை ஒரு பரிசு கொண்டுவந்திருந்தார். மூடிய மரப்பெட்டி. உள்ளே மகாராஜா உயிரையே வைத்திருந்த சீமை விஸ்கி. ஆனால் வாய் திறந்து அதைச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று துரை வெறும் ‘கேஸ்’ என்றார். அம்பலவாணர் தொண்டையைச் செருமினார்.

"மகாராஜாவுக்காகத் துரை ஒரு வழக்கு கொண்டுவந்திருக்கிறாராம்."

மகாராஜாவுக்கு முகம் வெளிறியது. "என்... என்ன வழக்கு?"

துரை கண்ணைச் சிமிட்டிப் பதில் சொன்னார்.

"ரொம்பப் பழைய வழக்காம். சீமையிலிருந்து கப்பலில் வந்ததாம். பழசாக ஆகத்தான் வழக்குக்கு வேகம் அதிகமாம்."

"ஐயோ, சித்தப்பா!" என்று தலையில் கை வைத்தார் மகாராஜா.

"இன்று ராத்திரியே இரண்டு பேருமாக உட்கார்ந்து இந்த வழக்கை ஒரு சொட்டு விடாமல் முடித்துவிடலாம் என்கிறார்."

"ஒரே ராத்திரியில் முடிக்கிறதாவது! இது சதி, மகாராஜா" என்று காதைக் கடித்தார் திவான். "தொடவே தொடாதீர்கள். திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்."

"எடுத்துக்கொண்டு போகச் சொல்லும்!" என்று கத்தினார் மகாராஜா. "அந்த வழக்கு என் அரண்மனை வாசலையே மிதிக்கக் கூடாது!"

அம்பலவாணர் அப்படியே இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு, ‘இன் தட் கேஸ்’ என்று ஏதோ முணுமுணுத்தார்.

"அந்த வழக்கில், போய்வருகிறேன் என்கிறார், மகாராஜா."

இரண்டு ஆட்கள் பெட்டியைத் தூக்கினார்கள். வாசல்வரை கிணிங் கிணிங் என்று சத்தம் போனது.

"அது என்ன சத்தம்?"

"வழக்கு போகிறது, மகாராஜா."

"வழக்கு எப்படி ஓய் கிணிங் என்னும்?"

"உள்ளே பாட்டில் இருந்தால் என்னும். இந்த ஊரில் கிடைக்காத விஸ்கி. ஒரு பெட்டி நிறைய."

மகாராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தார். "அட பாவி மனுஷா! முன்னாலேயே சொல்லித் தொலைக்கிறதற்கென்ன?"

"பெட்டி என்று சொன்னால் கழுதை காத்திருக்கிறதே, மகாராஜா. அப்புறம், திருப்பி அனுப்பச் சொன்னது நானில்லை."

மகாராஜா மெல்லத் திவான் பக்கம் திரும்பினார். சபையில் ஈ பறந்தால் கேட்கும் அமைதி. அந்த அமைதியில், பயம் பாதி மொச்சை பாதியாகத் திவானிடமிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது.

"இது என்னய்யா?" என்று மூக்கைப் பொத்தினார் மகாராஜா.

"வயிற்று வாயு, மகாராஜா. இதையும் நம் ஜனங்கள் கேஸ் என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் சட்டப்படி வழக்கு. திவானே தாக்கல் செய்திருக்கிறார். விசாரிக்கலாமா?"

"தள்ளுபடி! தள்ளுபடி! சட்டமும் தள்ளுபடி! ஜன்னலைத் திறங்கள்!"

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. மகாராஜாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. துரையைச் சமாதானப்படுத்திப் பெட்டியோடு அழைத்துவரச் சவாரிக்காரன் பறந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகாராஜா சொன்னார்: "ஓய் அம்பலவாணரே, நீர்தான் என் துபாஷி. உம்மை இனி யாரும் அசைக்க முடியாது. பரிசாக உமக்கும் ஒரு கேஸ் தருகிறேன்!"

அம்பலவாணர் பதறி இரண்டடி பின்வாங்கினார். திவானை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கை கூப்பினார்.

"எந்த கேஸ் என்று முதலில் சொல்லிவிடுங்கள், மகாராஜா!"