முதலில் பார்த்தவள்

கருவாட்டுக்கு வெயில் போதும். அதை விற்கத்தான் இந்தக் காலத்தில் போன் வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். மீன் ஏலம் முடிந்து கழுவிவிட்ட கூடத்தில், வாரம் இரண்டு மத்தியானம், பெண்களுக்குப் போன் சொல்லிக்கொடுத்தாள் இன்பன்டா. குருவுக்கு வயது இருபத்தாறு. மூத்த சிஷ்யை ஜெபமாலைக்கு நாற்பத்தொன்பது. யார் காலில் யார் விழுவது என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வரலாம். அங்கே யாரும் யார் காலிலும் விழவில்லை, எல்லோரும் போனுக்குத்தான் குனிந்திருந்தார்கள்.

அந்த ஊரில் தனக்கென்று ஒரு போன் வாங்கிய முதல் பெண் ஜெபமாலை. புருஷனோடு மூன்று மாதம் மல்லுக்கட்டி வாங்கியது. பக்கத்து வீட்டுக் கிளாடிஸுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கருவாட்டுப் படம் போடச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். இப்போது கிளாடிஸுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆர்டர் வருகிறது, சேலத்திலிருந்து வருகிறது. கூரியர் வண்டி ஜெபமாலையின் வாசலைத் தாண்டிப் போய் கிளாடிஸ் வாசலில் நிற்கிறது. அப்படித் தாண்டிப் போவதுதான் ஜெபமாலைக்குப் பொறுக்கவில்லை. நின்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போனால்கூட வயிறு இவ்வளவு எரியாது.

ஒரு புதன்கிழமை, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"கிளாடிஸுக்கு மட்டும் தனியா என்ன சொல்லிக்குடுத்தீங்க?"

"உங்களுக்குச் சொன்னதுதான்."

ஜெபமாலை நம்பவில்லை. நம்பாதது முகத்திலேயே தெரிந்தது.

"அவ என்ன போடுதான்னு பாத்திருக்கீங்களா?" என்று இன்பன்டா கேட்டாள்.

"திங்கக்கிழம நெத்திலி. நேத்து சீலா, வாழையிலையில வச்சு எடுத்திருந்தா. இன்னைக்கு வாளை. எல்லாம் காலையில ஆறு மணிக்குள்ள."

"நீங்க நேத்து என்ன போட்டீங்க?"

ஜெபமாலை கடைசியாகப் படம் போட்டது குருத்தோலை ஞாயிறன்று. அது போய் நாலு மாதம் ஆகி, இப்போது ஊரில் கோவில் திருவிழாவுக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு எங்க டீச்சர் நேரம் இருக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் கேக்க வந்தது வேற. யார் யாரோ ஆம்பளைங்க அவளுக்குப் போன் பண்ணிப் பேசுதாங்க. அவ வீட்டுக்காரர் இருதயராஜ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமான்னு பாக்கேன். அவ நல்லதுக்குத்தான். சொல்லலாமா?"

பேசுகிறவர்கள் கருவாட்டு விலை கேட்கிறவர்கள் என்று ஜெபமாலைக்குத் தெரியும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் நன்றாகத் தெரியும். ஊரில் ஏற்கெனவே இரண்டு பெண்களின் போன் இப்படி ஒரு வார்த்தையில்தான் புருஷன் சட்டைப்பைக்குப் போனது. போன் போனால் கோயம்புத்தூரும் போகும், சேலமும் போகும். கூரியர் வண்டிக்கு அந்தத் தெருவில் வேலையே இருக்காது.

இன்பன்டா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க, கிளாடிஸ் வீடு வரைக்கும் போயிட்டு வருவோம்."

கிளாடிஸ் தரையில் உட்கார்ந்து ஒரு பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். சுவரோரம் அட்டைப்பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஜெபமாலை அவற்றைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். இருதயராஜ் ஒரு மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"கிளாடிஸ், இன்னைக்குப் போட்டதை எத்தனை பேர் பாத்திருக்காங்க, காட்டு" என்றாள் இன்பன்டா.

கிளாடிஸ் படத்துக்குக் கீழே இருந்த சின்னக் கண் அடையாளத்தை விரலால் தொட்டாள். ஜெபமாலைக்குத் திக்கென்றது. தன் போனிலும் அந்தக் கண்ணை அவள் பார்த்திருக்கிறாள். புது வீட்டு முகப்பில் மாட்டுகிற கண் மாதிரி திருஷ்டிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, தொடாமல் மரியாதையாக விட்டுவைத்திருந்தாள்.

கண்ணைத் தொட்டதும் பெயர்கள் வரிசையாக வந்தன. கிளாடிஸ் கடைசி வரைக்கும் தள்ளினாள்.

"அடியில இருக்கவங்கதான் டீச்சர் முதல்ல பாத்தவங்க. இங்க பாருங்க, இன்னைக்கும் அக்காதான்."

ஜெபமாலை. காலை ஐந்து ஐம்பத்திரண்டு.

"தினமும் அக்காதான். நான் படத்தைப் போட்டுட்டு அடுப்பைப் பத்தவைக்கதுக்குள்ள பாத்திருவாங்க. அவங்க பேரு வந்தாத்தான் எனக்குத் தெம்பு."

இருதயராஜ் வலையை மடியில் வைத்தான்.

"போன மாசம் இவ போனைப் புடுங்கி வச்சிட்டேன் டீச்சர். எவன் எவனோ பேசுதானேன்னு. அப்பதான் இந்த லிஸ்ட்டைக் காட்டுனா. ஜெபமாலக்கா ஒரு நாள் விடாம பாக்காங்கல்லா, தப்பா ஏதாவது இருந்தா அவங்க சும்மா இருப்பாங்களான்னு கேட்டா. அதுவும் சரிதான்னு திருப்பிக் குடுத்தேன். இருந்தாலும் மனசு ஒரு நிலையில நிக்க மாட்டேங்கு." அவன் ஜெபமாலையைப் பார்த்தான். "நீங்களே சொல்லுங்கக்கா. போன் இவகிட்ட இருக்கலாமா?"

சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இன்றைக்கு அதைக் கேட்கவும் ஆள் இருந்தது. இன்பன்டா வலையின் கண்ணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளாடிஸ் சிரித்த முகத்தோடு அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள் ஜெபமாலை.

சொல்லும்போதே மேல் பெட்டியில் எழுதியிருந்த ஊரைப் படித்துவிட்டாள். ஈரோடு. புது ஊர். மறுபடியும் வயிறு எரிந்தது.

"அவகிட்டயே இருக்கட்டும் தம்பி" என்று இன்னொரு தடவையும் சொன்னாள். முதல் தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது.

திரும்பி வரும்போது கோவில் பந்தல் வரைக்கும் ஜெபமாலைதான் முன்னால் நடந்தாள். பந்தல் நிழலுக்கு வந்ததும் நின்றாள்.

"டீச்சர்."

"சொல்லுங்கக்கா."

"நான் பாத்தது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு." ஜெபமாலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்காகப் பாத்தேன்னும் அந்தக் கண்ணு காட்டிருமா?"

"அதெல்லாம் காட்டாதுக்கா" என்றாள் இன்பன்டா. "நாளைக்குக் காலையில நீங்க ஒரு படம் போடுங்க. முதல்ல பாத்தவளா கிளாடிஸ் பேரு வரும். எதுக்காகப் பாத்தான்னு உங்களுக்கும் காட்டாது."