லோகுவின் காரும் அடாணா சைலன்சரும்

இந்தக் கதையில் ஒரு இடத்தில் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். எந்த இடம் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். இப்போதே வாயைத் திறந்தவர்கள் மூடிக்கொள்ளுங்கள். முதலில் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காரணமே இல்லாமல் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தப்பாக நினைப்பார்கள்.

சோமனூர் லோகநாதனிடம், ஊர் வாயில் லோகுவிடம், ஒரு சின்ன சிவப்புக் கார் இருக்கிறது. பிறக்கும்போது அது பந்தயக் கார்தான். லோகுவுக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அதிலிருந்து பந்தயத்தை எடுத்துக்கொண்டு காரை மட்டும் அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். பின்னால் ஒரு இறக்கை. இரண்டு பக்கமும் நெருப்புப் பற்றி எரிகிற மாதிரி ஸ்டிக்கர். கிளப்பினால் மட்டும் இட்லிக்கு மாவாட்டுகிற சத்தம் வரும்.

மாவுச் சத்தத்தோடு எரிந்துகொண்டு போகிற இந்த வண்டியை 'சீறும் சிலிண்டர் கழக'த்தில் சேர்ப்பதுதான் லோகுவின் வாழ்க்கை லட்சியம். கழகம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கருமத்தம்பட்டி சாலைப் பிரிவில் ஒரு டீக்கடை முன்னால் கூடும். கூடி என்ன செய்வார்கள்? டீ குடிப்பார்கள். பிறகு ஆளாளுக்கு அவரவர் காரில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள். அந்தச் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. அதனால் கழகத்தில் இதுவரை கருத்து வேறுபாடே வந்ததில்லை.

உள்ளே சேர ஒரே ஒரு பரீட்சை. தலைவர் பொன்னுரங்கம் டீக்கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். கண்ணால் பார்த்தால் பெயிண்டில் மயங்கிவிடுவாராம். காதை மயக்க முடியாதாம். வண்டி வந்து நின்று, அதை அணைக்கும்வரை திரும்பவே மாட்டார். தலைவர் மூக்கால் பேசுகிறவர். அவர் பேசும் இடங்களை மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள், அப்போதுதான் எடுபடும்.

லோகு போன வாரம் கிளம்பிப் போய் நின்றான். தலைவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "பால்காரரு வந்துட்டாராப்பா? ஒரு லிட்டரு சேத்தி வாங்கி வையுங்க."

"தலைவரே, நாந்தானுங். லோகு."

"லோகுவா? சைலன்சரை மாத்திட்டு அடுத்த ஞாயித்துக்கெழம வா சாமி. அன்னிக்கும் மாவாட்டுனீன்னா, இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காத."

கழகமே சிரித்தது. நீங்கள் சிரிக்காதீர்கள். லோகு அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. கார் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் இறக்கையைத் தடவிக்கொண்டிருந்தான்.

அவனைத் தேற்ற இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நாச்சிமுத்து. எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டான், யோசித்ததால்தான் எல்லாம் கெட்டுப்போகும். இன்னொருவன் சிகாமணி. பரோட்டா மாஸ்டர். பேசினால் கொத்து பரோட்டா போடுகிற மாதிரி டக டக டக என்று வரும்.

"அண்ணா, அழுவாதீங்ணா, கோயமுத்தூர் போறோம்ணா, சைலன்சர் வாங்கறோம்ணா, மாட்டறோம்ணா, முடிஞ்சுதுங்ணா" என்றான் சிகாமணி.

கோயமுத்தூரில் ஜாபர் பாய் கடை. சுவர் முழுக்கச் சைலன்சராகத் தொங்குகிறது. பாய் பொறுமைசாலி. அன்று காலைவரை.

"சைலன்சர்ங்கறது சத்தம் தம்பி. படத்தைப் பாத்து வாங்கறவன் ஏமாந்து போவான். காதுல கேட்டு, புடிச்சதை எடுத்துக்கங்க" என்றார்.

மூவரும் ஆளுக்கு ஒரு சைலன்சரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். வெகு நேரம் கடையில் ஒரு சத்தமும் இல்லை.

"உனக்கு ஏதாச்சும் கேக்குதா மாப்ள?" என்றான் லோகு.

"கடல் கேக்குது" என்றான் நாச்சிமுத்து.

"என்னுதுலயும் கடல்தாங்ணா" என்றான் சிகாமணி. "ஆனா இது நெம்ப தூரத்துக் கடல்."

நாச்சிமுத்து யோசித்தான். "காதுல வெச்சா அது சும்மா இருக்குது. உள்ள காத்து போனாத்தான சத்தம் வரும்? காத்து ஊதறதுக்குன்னே படிச்ச ஆளு எங்க மாமா இருக்காரு. அவரைக் கூப்பிட்டா என்ன?"

அவன் மாமா திருமூர்த்தி, கோயில் நாயனக்காரர். போன் பண்ணியதும் ஏதோ கல்யாணக் கச்சேரி என்று நினைத்து, பட்டு வேட்டி, ஜவ்வாது சகிதம் பஸ் ஏறி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னார்கள். அவராவது திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அக்காள் மகன் ஆச்சே, அதே ரத்தம்.

"சீவாளி எங்க?" என்றார் மாமா, முதல் சைலன்சரைக் கையில் வாங்கி, நாயனத்தில் உதடு வைத்து ஊதுகிற நாணல் துண்டை அதில் தேடியபடி.

"அதெல்லாம் இதுல வராதுங்க" என்றார் ஜாபர் பாய்.

"சீவாளியே இல்லாம யாவாரம் பண்றீங்களா?" என்று பாயைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மாமா கன்னத்தை உப்பி ஊதினார். மாடு தூக்கத்தில் புரண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இது நீலாம்பரி ராகம். இதை மாட்டுனீன்னா ஓட்டுறவனே தூங்கிருவான். தள்ளி வையி."

அடுத்தது. "முகாரி. நீ எங்க போனாலும் எழவு வீட்டுக்கு வந்தவன்னு நெனச்சு நாற்காலி எடுத்துப் போடுவாங்க."

"மாமா, எனக்குக் கோவமா வேணும் மாமா. சுவத்தைப் பாத்து நிக்கறவரு திரும்பிப் பாக்கோணும்" என்றான் லோகு.

மாமா ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டே போனார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் செம்பு மாதிரி வாய் அகன்ற ஒரு சைலன்சர், 'ப்ர்ராஆங்' என்று அலறியது. தொங்கிய மற்ற சைலன்சர்கள் எல்லாம் ஆடின.

"அடாணா" என்றார் மாமா, உதட்டைத் துடைத்துக்கொண்டு. "வீரம். இதை எடு."

தான் வேறு தொழில் செய்திருக்கலாமோ என்று ஜாபர் பாய் நினைத்தது முகத்தில் தெரிந்தது. வேலையாள் லீவு என்பதால், வீட்டில் வைத்து மாட்டுவது எப்படி என்று வாயாலேயே சொல்லி அனுப்பினார். "நான் சொன்னதை மட்டும் செய்ங்க. சொல்லாததைச் செஞ்சீங்கன்னா வாரண்டி கெடையாது" என்று கடைசியில் ஒரு வார்த்தையும் சேர்த்தார். அந்த வார்த்தைக்காக அவர் பிற்பாடு வருத்தப்பட்டார்.

சிரிக்கலாமா என்று கேட்கிறீர்கள். இன்னும் வேண்டாம். சைலன்சரையே மாட்டவில்லையே.

சனிக்கிழமை. லோகு வீட்டு வேப்பமரத்தடி. பாய் சொன்ன முதல் விஷயம், வண்டி நன்றாக ஆறிய பிறகுதான் பழைய சைலன்சரில் கை வைக்க வேண்டும். தொட்டால் சுடக் கூடாது. கோயமுத்தூரிலிருந்து அப்போதுதான் வந்த வண்டி. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து போட்டார்கள். பானெட் மேல் ஈரத்துணி போட்டு நாச்சிமுத்து தலைமாட்டில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து சிகாமணி அடியில் கையை விட்டு சைலன்சரைத் தொட்டுப் பார்த்தான். "ஆறிருச்சுங்ணா. சில்லுனு இருக்குது."

லோகு தொட்டான். அவன் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

"ஏண்டா, சில்லுனு இருக்குதுன்ன?"

"தோசைக்கல்லுக்கு இது சில்லுதானுங்ணா."

பரோட்டா மாஸ்டர் கைக்குச் சுடாதது மற்றவர் கைக்குச் சுடும் என்ற பிரச்சினை எழுந்தது. பாய் யார் கையைச் சொன்னார்? நாச்சிமுத்து நியாயமாக ஒரு வழி சொன்னான்: "சிகா கைக்கு ஆறிருச்சு. உனக்கு ஆறல. அதனால அவன் கழட்டட்டும். நீ தள்ளி உக்காந்து இன்னும் சுடுதுன்னு நெனச்சுக்கோ."

சிகாமணி கழற்றினான். அதற்குள் மரத்தடிக்கு வெயில் வந்துவிட்டதால் காரைத் தள்ளி வீட்டு நிழலில் நிறுத்தினார்கள். புதுசைக் கையில் எடுத்ததும் நாச்சிமுத்து தடுத்தான்.

"பாய் என்ன சொன்னாரு? பழசு இருந்த அதே எடத்துல புதுசை மாட்டோணும்னாரு. பழசைக் கழட்டும்போது அது எங்க இருந்துச்சு?"

மூவரும் வேப்பமரத்தைப் பார்த்தார்கள். "நல்ல வேளை மாப்ள" என்று லோகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். காரைத் திரும்ப வெயிலுக்கே தள்ளிக்கொண்டு போய், தரையில் இருந்த எண்ணெய்க் கறைக்கு நேராக நிறுத்தி, அங்கேதான் மாட்டினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், சரியாகவே மாட்டிவிட்டார்கள்.

லோகு கரியைக் கழுவக் குளிக்கப் போனான். மிச்சம் இருந்தது ஒழுக்குப் பரிசோதனை. புகை போகிற வாயில் துணியை இறுக்கமாக அடைத்து வண்டியைக் கிளப்ப வேண்டும். புகை போக வழியில்லாமல் இன்ஜின் நின்றுபோனால், இடையில் எங்கேயும் ஒழுக்கு இல்லை என்று அர்த்தம். இது ஜாபர் பாய் சொன்னது, முழுக்க உண்மை.

சிகாமணி லோகுவின் குற்றாலத் துண்டை எடுத்து அடைத்தான். அகன்ற வாய் ஆச்சே, பத்தவில்லை. தலையணை உறையையும் சேர்த்துத் திணித்தான். பரோட்டா பிசைகிற கை, சும்மா இருக்குமா? நாச்சிமுத்து சாவியைத் திருப்பினான். வண்டி விக்கியது, முக்கியது, நின்றுவிட்டது.

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பாய்க்குப் போன் போனது.

"பாய், நின்னு போச்சுங் பாய்! அருமையா நின்னுச்சுங்!"

"அப்பச் சரியாத்தான் மாட்டியிருக்கீங்க" என்றார் பாய், தம் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவர்களைப் பாராட்டி. "புதுசு. கொஞ்ச நாளைக்கு மெதுவா ஓட்டுங்க." வைத்துவிட்டார்.

மறுபடி கிளப்பினார்கள். கிளம்பவில்லை.

"துணியை எடுத்துறலாமா?" என்றான் சிகாமணி.

நாச்சிமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தான். "வெக்கச் சொன்னாரு. எடுக்கச் சொன்னாரா?"

"சொல்லல."

"சொல்லாததைச் செஞ்சா?"

"வாரண்டி போயிரும்" என்றான் சிகாமணி, வெளிறிப்போய்.

குளியலறையில் லோகு பாடுவது கேட்டது. ஒரு வாரமாகச் சாப்பிடாதவன் பாடுகிறான். நாளைக்குக் கடைசி வாய்ப்பு. வண்டி கிளம்பாது என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது? நாச்சிமுத்து ஆழ்ந்து யோசித்தான். யோசிக்கக் கூடாது என்று நான் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன்.

"சிகா, நம்ம வாயாலதான் சொல்லப் போறோம்" என்றான். "எங்கே, 'ப்ர்ராஆங்' சொல்லு பாக்கலாம்?"

ஞாயிறு காலை. லோகு கூலிங் கிளாஸ் போட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்தான். "நீங்க ஏறலையா?"

"நாங்க ஏறுனா வெயிட்டுல சத்தம் அமுங்கிரும் மாப்ள. பின்னாடி நடந்தே வர்றோம்."

லோகு சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஒருமுறை 'க்ர்க்' என்றது. உடனே பின்னாலிருந்து, "ப்ர்ராஆஆங்... ட்ரும் ட்ரும் ட்ரும்!"

லோகுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடாணா!

கார் மெதுவாக நகர்ந்தது. மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று பாயே சொல்லியிருக்கிறாரே. சைக்கிளில் போன ஒருவர் முந்திக்கொண்டு போனார். நடந்துபோன ஒரு அம்மாவும் முந்தினார். லோகு கவலைப்படவில்லை, வேகம் யாருக்கு வேண்டும், சத்தம் போதும். அவன் கியர் மாற்றக் கை அசைந்தால் போதும், பின்னால் சிகாமணி சுருதி மாற்றினான். மூச்சு வாங்கினால் நாச்சிமுத்து பிடித்துக்கொண்டான். ஒரே ஒரு மேட்டில் மட்டும் வண்டி கொஞ்சம் முனகி, "ஐயோ அம்மா" என்றது. பந்தயக் கார் அப்படித்தான் போல என்று லோகு நினைத்துக்கொண்டான்.

கருமத்தம்பட்டி பிரிவு. கழகம் முழுக்க நின்று பார்க்கிறது. கார் முன்னால் வருகிறது, இரண்டு பேர் பின்னால் தள்ளுகிறார்கள், உதடு படபடக்கிறது. எல்லாருக்கும் தெரிகிறது. ஆனால் பரீட்சை நடக்கும்போது பேசக் கூடாது என்பது கழக விதி. தலைவர் சுவரைப் பார்த்து நிற்கிறார். (மூக்கைப் பிடியுங்கள்.)

"இன்னொருக்கா முறுக்கு சாமி."

லோகு வண்டியை நிறுத்தி மிதித்தான். "ப்ர்ர்ராஆஆஆங்!"

தலைவரின் தோள் குலுங்கியது. "என்ன வண்டிடா இது! உசுரு இருக்குது. மனுசன் மாதிரியே இருக்குது. கழகத்துல சேத்தாச்சு போ!"

லோகு சாவியைப் பிடுங்கிக்கொண்டு கீழே குதித்துத் தலைவரின் முதுகைக் கட்டிக்கொண்டான்.

"சேரி, சேரி. இப்ப அமத்து சாமி. காது கொடையுது."

"அமத்திட்டனுங் தலைவரே."

"ட்ரும் ட்ரும் ட்ரும்" என்றது கார். பின்னால் குனிந்து உறுமிக்கொண்டிருந்தவர்களுக்கு லோகு இறங்கியது எப்படித் தெரியும்?

"அமத்துன்னு சொன்னனே?"

லோகு கையிலிருந்த சாவியைப் பார்த்தான். காரைப் பார்த்தான். சாவி கையில் இருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. கார் உறுமுகிறது, நடுவில் ஒரு தடவை தும்முகிறது. சாவியைக் காதில் வைத்துப் பார்த்தான். கடல்கூடக் கேட்கவில்லை. பிறகு காரைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் பின்பக்கம் போனான்.

கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை உப்பி, வியர்வை சொட்டச் சொட்ட சிகாமணி மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தான். நாச்சிமுத்துவுக்குத் தொண்டை கட்டி வெறும் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

லோகு கூலிங் கிளாஸைக் கழற்றினான். சைலன்சர் வாயில் எட்டிப் பார்க்கிற தன் துண்டின் நுனியைப் பார்த்தான். சிகாமணியைப் பார்த்தான். சோமனூரிலிருந்து வந்த வழியெல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியது. புரிந்துவிட்டது. எல்லாம் புரிந்துவிட்டது.

"டேய் சிகா" என்றான், உதடு துடிக்க. "அப்ப அத்தனையும் நீதானாடா?"

சிகாமணி கண்ணைத் திறந்தான். "ஆமாங்ணா."

"அப்ப நான் நாலாவது கியர் போட்டனே, நீ எதுக்குடா மூணாவதுலயே வந்த?"

"அங்க மேடுங்ணா."