பொக்கிஷம் குடிபோன ஊர்

முன்னொரு காலத்தில், சாலைகளைவிட ஆறுகளில் அதிகக் கூட்டம் போய்வந்த நாளில், ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர். ஆனால் தலை நரைக்க நரைக்க அவருக்கு ஓர் ஏக்கம் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்திவிடுவார். "பழந்துறைக் கடைத்தெரு என்ன தெரு!" என்பார். பிறகு சாப்பாடு இறங்காது.

பழந்துறை ஆற்றங்கரை ஊர். ராஜா ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, தகப்பனாரோடு அங்கே போயிருக்கிறார். பல்லக்கிலிருந்து நழுவி இறங்கி, சந்தைக் கூட்டத்துக்குள் ஓடித் தொலைந்துபோய், காவலர்கள் பதறித் தேடும்வரை தன்னந்தனியே சுற்றியிருக்கிறார். அவர் வாழ்நாளில் காவல் இல்லாமல் நடந்தது அந்த ஒரு பொழுதுதான்.

அதன் பிறகு ஆற்றில் மணல் மேடிட்டது. பெரிய ஓடங்கள் கரைக்கு வர முடியவில்லை. வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்திக்கொண்டு வேறு ஊர் பார்க்கப் போனார்கள். கடைத்தெருவில் எருக்கு முளைத்தது.

ஒரு நாள் சபையில் ராஜா சொன்னார்: "அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு நான் பழந்துறை போகிறேன். அன்று நான் பார்த்தது போலவே அந்தத் தெரு இருக்க வேண்டும். யார் செய்து தருகிறீர்கள்?"

பொக்கிஷ மந்திரி தில்லைநாயகம் மெல்ல எழுந்தார். சபையைச் சிரிக்கவைக்கும் விகடன் விடங்கனை அவருக்குப் பிடிக்காது. தன் கணக்கு விளக்கத்தைக் கேட்டுக் கொட்டாவி விடும் ராஜா, விடங்கன் வாயைத் திறந்தாலே நிமிர்ந்து உட்காருவது அவருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, ஊர்களுக்கு அரசு பொருள் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும் என்று விடங்கன்தான் எப்போதும் சொல்வான். அவனே செய்யட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. பொக்கிஷம் இருக்கும் ஊரின் எல்லையைத் தாண்டி ஒரு பொன்கூடப் போகக் கூடாது. செய்ய முடியாவிட்டால் அவன் இந்த நாட்டைவிட்டே போய்விட வேண்டும்."

ஏக்கத்தில் இருந்த ராஜா யோசிக்கவில்லை. "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

விடங்கனுக்கு நாட்டைவிட்டுப் போக மனமில்லை. பெற்ற தாயை இந்த நாட்டு மண்ணில்தான் அடக்கம் செய்திருந்தான். வெளியே காட்டிக்கொள்ளாமல் கைகூப்பினான்.

"உத்தரவு, மகாராஜா. ஒரு சந்தேகம் மட்டும். பொக்கிஷம் என்பது எது? அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கல் அறையா?"

தில்லைநாயகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "கல்லும் கதவுமா பொக்கிஷம்? முத்திரை மோதிரத்தோடு நான் எங்கே அமர்கிறேனோ, அதுவே பொக்கிஷம்!"

"மகாராஜாவும் அதை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"முறை அதுதான்" என்றார் ராஜா.

"அப்படியானால் மந்திரியார் பழந்துறையில் அமர உத்தரவிட வேண்டும். பொன் ஊர் எல்லையைத் தாண்டாது. பொக்கிஷமே அங்கே போய்விட்டால் பொன் எதற்குத் தாண்ட வேண்டும்?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு மந்திரியைப் பார்த்தார். சொன்ன வார்த்தையை மந்திரியால் விழுங்க முடியவில்லை.

தை பிறக்கும் முன்பே பொக்கிஷம் குடிபோனது. பெட்டிகள், காவலர்கள், கணக்கர்கள், அவர்கள் பெண்டு பிள்ளைகள், குதிரைகள், அத்தனையும் பழந்துறையில் வந்து இறங்கின. இத்தனை பேருக்கும் தங்க இடம் வேண்டாமா? இடிந்த வீடுகளுக்கு ஓடு வேய்ந்தார்கள். ஓடு வேய வந்தவர்களுக்குச் சோறு போட ஒருத்தி அடுப்பு மூட்டினாள். குதிரைக்குப் புல், கணக்கருக்கு ஓலை, குழந்தைகளுக்குப் பொரியுருண்டை என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வந்தது. எருக்கை வெட்டிவிட்டுக் கடை போட்டார்கள்.

ஆனாலும் சரக்கெல்லாம் மாட்டு வண்டியில் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தது. தில்லைநாயகத்தின் கொழுந்து வெற்றிலை வந்து சேரும்போது சருகாகியிருக்கும். வெற்றிலை இல்லாமல் அவர் எல்லார்மேலும் எரிந்து விழுந்தார்.

அந்த ஊரில் செங்கமலம் என்று ஓடம் கட்டுகிற பெண் ஒருத்தி இருந்தாள். வாய்த் துடுக்குக்காரி. விடங்கன் அவளை மந்திரியிடம் கூட்டிக்கொண்டு வந்தான்.

"மணல்மேட்டு மேலயே வழுக்கிட்டுப் போற மாதிரி தட்டையா ஒரு ஓடம் கட்டித் தாரேன். மரத்துக்கும் ஆளுக்கும் நீங்க குடுங்க சாமி" என்றாள் அவள்.

"இப்படி ஓர் ஓடம் எங்கேயாவது ஓடியிருக்கிறதா?"

"ஓடியிருந்தா நான் எதுக்கு உங்க வாசல்ல வந்து நிக்கேன்?"

விடங்கன் குறுக்கிட்டான். "முதல் சரக்கு மந்திரியாரின் வெற்றிலைதான்."

மந்திரி கொடுத்தார். ஓடம் ஓடியது. நடு ஆற்றில் கவிழ்ந்தது. வெற்றிலைக் கட்டு முழுவதும் தண்ணீரோடு போனது. கரையில் நின்றிருந்த தில்லைநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். "இனி ஒரு காசு கிடையாது!"

அன்று செங்கமலம் நனைந்த சேலையோடு மணலில் உட்கார்ந்துவிட்டாள். விடங்கன் பக்கத்தில் போய் நின்றான்.

"என்ன தப்பு ஆச்சு, தாயி?"

"மேடு தட்டல. மேட்டைத் தாண்டிருச்சு, பாத்தீங்கல்ல? ஆழத்துக்கு வந்ததும் காத்து புரட்டிருச்சு. அகலம் போதல. இன்னொரு தடவ கட்டுனா நிக்கும். ஆனா யாரு குடுப்பா?"

விடங்கன் மந்திரியிடம் போனான். "ஐயா, இந்த ஓடம் கவிழ என்ன காரணம் என்று இப்போது ஒருத்திக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் ஏற்கெனவே பொன் கொடுத்தாகிவிட்டது. இத்தோடு விட்டால் அது வீண். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் வெற்றிலை."

மந்திரி நெடுநேரம் வாயைச் சும்மா மென்றார். பிறகு பெட்டியைத் திறந்தார்.

இரண்டாவது ஓடம் நின்றது. அதைப் பார்த்து இன்னும் பல கட்டினார்கள். ஓடங்கள் வர, வியாபாரிகள் வந்தார்கள்.

சித்திரையில் ராஜா வந்தார். தெருமுனையில் நின்று பார்த்தார். கூட்டம் அலைமோதியது. ஆனால் அவர் முகம் வாடியது. அன்று பார்த்த பாசிமணிக்காரர் இல்லை. சாயப்பட்டறைகள் இருந்த இடத்தில் ஓலை விற்கும் கடைகள். மச்சு வீடுகள் ஒன்றும் அன்று இருந்தவை அல்ல.

தில்லைநாயகம் காத்திருந்தது இதற்குத்தான். "மகாராஜா, உத்தரவு 'அன்று பார்த்தது போலவே' என்பது. இது வேறு தெரு. விடங்கன் தோற்றான்."

ராஜா மெல்லச் சொன்னார்: "விடங்கா, இது நல்ல தெருதான். ஆனால் என் தெரு இல்லை."

"மகாராஜா அன்று எவ்வளவு உயரம்?"

"என்ன கேள்வி இது?"

"உத்தரவு, அன்று மகாராஜா பார்த்தது போல என்பதுதானே? அன்று நின்ற உயரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்."

ராஜா ஒரு கணம் தயங்கினார். பிறகு கிரீடத்தைக் கழற்றிக் காவலனிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தின் நடுவே தெருப் புழுதியில் மண்டியிட்டார்.

மச்சுகள் மறைந்தன. கடைகள் மறைந்தன. எங்கு பார்த்தாலும் கால்கள். கொலுசுக் கால், சேறு அப்பிய கால், அவசரக் கால். இடுப்பில் இடிக்கும் கூடைகள். யாரோ ஒருத்தியின் ஈரச் சேலை கன்னத்தில் உரசியது. முகத்துக்கு நேரே ஓர் ஆடு வந்து முறைத்தது. தலைக்கு மேலே, யார் குரல் என்றே தெரியாத அந்தப் பேரிரைச்சல். "ஏய், வழிய விடுப்பா!" என்று ஒரு சுமைக்காரன் அவரை முழங்காலால் தள்ளிவிட்டுப் போனான்.

ராஜாவின் கண் நிறைந்துவிட்டது. "இதேதான்" என்றார். "இதேதான், விடங்கா! என்னை யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை!" சொல்லிவிட்டு, புழுதியில் உட்கார்ந்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தார்.

எழுந்ததும் மந்திரியைப் பார்த்தார். "வேலை முடிந்தது. பொக்கிஷம் தலைநகருக்குத் திரும்பட்டும்."

தில்லைநாயகம் தலையைச் சொறிந்தார். "அது வந்து, மகாராஜா... வீட்டில் அவள் வர மாட்டேன் என்கிறாள். காலையில் வெற்றிலையும் பனியோடு வந்துவிடுகிறது."

ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரி, இருங்கள். விடங்கா, உனக்கு என்ன வேண்டும்? கிராமமா? யானையா?"

"இந்தத் தெருவில் ஒண்டிக்கொள்ள ஓர் அறை போதும், மகாராஜா."

"அதைக் கேட்கவா வேண்டும்? உனக்கு யார் இல்லை என்பார்கள்?"

"நான் வந்த புதிதில் சும்மாவே குடியிருக்கச் சொன்னார்கள். இப்போது வாடகையைக் கேட்டால், யானையையும் கிராமத்தையும் சேர்த்துக் கொடுத்தாலும் கட்டாது!"

ராஜா சிரித்த சிரிப்பில் ஓடக்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டை அன்றே அவன் பேருக்கு எழுதிக் கொடுத்தார். விடங்கன் அதில் நெடுங்காலம் நன்றாக வாழ்ந்தான் என்பார்கள்.